பாலாடைக்கும் காப்புரிமை உண்டா? பட்டறையிலிருந்து ஒரு வழிகாட்டி

குழந்தைக்குப் பால் ஊட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்தான் பாலாடை. அதன் உள்ளே, மூக்கு ஆரம்பிக்கிற இடத்தில், குறுக்காக ஒரு சின்ன வரப்பு. வயலில் தண்ணீர் நிற்பதற்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. நான் செய்தது அவ்வளவுதான். என் தங்கையின் பையன் குறைமாதத்தில் பிறந்தவன், மார்பில் இழுத்துக் குடிக்கத் தெம்பு இல்லை, பாலாடையில் ஊட்டச் சொன்னார்கள். பீய்ச்சி எடுத்த கொஞ்சம் பாலில் ஒரு பங்கு அவன் தாடை வழியாக இறங்கித் துண்டில் ஊறிவிடும். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை அழுத அன்று ராத்திரிதான் அந்த வரப்பு எனக்குத் தோன்றியது. சத்துவாச்சாரி பக்கம் எங்களுக்கு எவர்சில்வர் பட்டறை இருக்கிறது. மறுநாளே ஒன்று செய்து பார்த்தோம், வழிவது நன்றாகவே குறைந்தது.

அதற்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டேன். மறுத்துவிட்டார்கள். ஏன் மறுத்தார்கள், எங்கே நான் தப்பு செய்தேன் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருடம் ஆனது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் பட்டறையிலோ வீட்டிலோ குழந்தைக்கான சின்னப் பொருள் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு அந்த நாலு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சிக்கல் பெரிதானால் காப்புரிமை முகவரிடம் போய்த்தான் ஆகவேண்டும், ஆனால் அவரிடம் போவதற்கு முன்னால் செய்யவேண்டியதும் செய்யக்கூடாததும் நிறைய இருக்கிறது.

முதல் வேலை: யாரிடமும் காட்டாதீர்கள்

நான் தோற்றது இங்கேதான். காட்பாடிப் பக்கம் ஒரு கண்காட்சியில் மேஜை போட்டு 24 பாலாடைகளை அடுக்கி வைத்தேன், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துக் காட்டினேன், ஒரு பையன் அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான், நானும் சந்தோஷமாக அதைப் பகிர்ந்தேன். நாலு மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் போட்டேன். காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை வெளியிட்டதும் ஒரு பாத்திர வியாபாரி ஆட்சேபம் தாக்கல் செய்தார். இணைப்பாக அந்த வீடியோவின் படங்கள், தேதியோடு. அதில் வரப்பின் மேல் விரலை வைத்து விளக்கிக்கொண்டிருப்பது என் கைதான்.

இந்தியச் சட்டத்தில், விண்ணப்பத் தேதிக்கு முன்னால் பொருள் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதியது ஆகாது. தெரியப்படுத்தியது நீங்களே என்றாலும் அப்படித்தான். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு சில விலக்குகள் தருகிறது: மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டியிருந்தாலோ, அறிஞர் சங்கம் ஒன்றில் கட்டுரை படித்திருந்தாலோ 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். நம் ஊர்க் கல்லூரி விழாவும் கல்யாண மண்டப விற்பனையும் அந்தக் கணக்கில் வராது. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு என்று யூடியூபில் யாராவது சொன்னால் அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே அதை நம்பி உட்காராதீர்கள்.

அதனால் டை, அதாவது அச்சு, செய்கிறவரிடம் கொடுக்கும்போது, ரகசியமாக வைத்துக்கொள்வதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர்தானே என்று விடாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேண்டாம். சொந்தத்தில் நாலு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ரொம்ப நாள் மூடி வைக்க முடியாது என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது பொருளை முதற்கட்டமாக விவரித்து எழுதிய குறிப்போடு, விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவிடலாம். தனி ஆளுக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுடையது. முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஒரு எச்சரிக்கை: தற்காலிகக் குறிப்பில் நீங்கள் எழுதிய அளவுக்குத்தான் அந்தத் தேதி பாதுகாக்கும். ‘மேம்படுத்தப்பட்ட பாலாடை’ என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தோன்றிய துளையையும் மூடியையும் பழைய தேதியில் சேர்க்கப் பார்த்தால் நடக்காது. படம் வரைந்து, அளவு எழுதி, எப்படி வேலை செய்கிறது என்று முடிந்தவரை முழுசாக எழுதுங்கள்.

அப்புறம், தேடுங்கள், முதலில் ஆயாவிடம்

எல்லோரும் கம்ப்யூட்டரில் தேடுவதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். பால் ஊட்டுகிற பொருள் என்றால் நான் அப்படிச் சொல்லமாட்டேன். மறுப்பு வந்த பிறகு என் பாலாடையை ஆயாவிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாடா பெரிசா கண்டுபுடிச்சிட்ட, எங்க அம்மா வூட்டுப் பித்தளைப் பாலாடைல இந்த மாதிரி ஒரு மேடு இருந்துதே” என்றார். ஆரணிப் பக்கம் சித்தி வீட்டுப் பரணில் அது கிடைத்தது. களிம்பேறி, காது உடைந்து, ஆனால் மூக்கின் அடியில் சுத்தியலால் தட்டி எழுப்பிய மேடு தெளிவாக இருந்தது. வீடியோ வெளியாகாமல் இருந்திருந்தாலும் ‘வரப்பு உள்ள பாலாடை’ என்ற என் முதல் உரிமைகோரல், அதாவது ‘இதுதான் என்னுடையது’ என்று விண்ணப்பத்தில் எழுதுகிற வாசகம், நின்றிருக்காது.

வீட்டுப் பெரியவர்கள், பிரசவம் பார்த்த பழைய நர்சுகள், லாங் பஜார் பாத்திரக் கடையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர், வெள்ளிப் பாலாடையும் சங்கும் சீர் வைக்கச் செய்து தருகிற ஆசாரி, இவர்களிடம் உங்கள் பொருளைக் காட்டாமல் அவர்கள் பொருளைக் கேளுங்கள். “பழைய பாலாடை இருக்கா, பார்க்கலாமா?” என்றால் போதும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அதற்குப் பிறகு இணையம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் ‘இன்பாஸ்’ என்ற தேடல் இலவசம். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் இரண்டும் இலவசம். வார்த்தையை மட்டும் போட்டுத் தேடினால் தப்பிவிடும், ஏனென்றால் பாலாடையைப் பாலாடை என்று அமெரிக்காவில் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். உலகம் முழுக்கப் பொதுவான வகைப்பாட்டு எண்ணைப் போடுங்கள்: பால் புட்டி ஏ61ஜே 9, நிப்பிள் ஏ61ஜே 11, சூப்பான் ஏ61ஜே 17, மருந்தை வாய்வழியாகக் கொடுக்கும் கரண்டி போன்றவை ஏ61ஜே 7, குடிக்கும் பாத்திரங்கள் ஏ47ஜி 19/22. முதல் நாள் ஐம்பது படங்களைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துவிடும், எல்லாவற்றையும் எவனோ செய்துவிட்டான் என்று தோன்றும். விடாதீர்கள். உங்களுடையதற்கு ரொம்பக் கிட்ட வருகிற மூன்றைத் தனியே எடுத்து வையுங்கள், சண்டையெல்லாம் அந்த மூன்றோடுதான்.

‘இவ்வளவு எளிமையான பொருளுக்கா?’

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். சட்டம் இப்படிக் கேட்பதில்லை. புதியதா, துறை தெரிந்த ஆளுக்குச் சட்டென்று தோன்றாததா, தொழிலில் செய்யக்கூடியதா, மூன்றாம் பிரிவு விலக்கி வைத்த பட்டியலில் விழாமல் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. இதில் இரண்டாவதுதான் எல்லா வழக்கிலும் மையம். துறை தெரிந்த ஆள் என்றால் விஞ்ஞானி என்று நினைக்கவேண்டாம், எங்கள் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்த மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பொருள்களையெல்லாம் அவர் முன்னால் பரப்பி, ‘பால் வழியுது, என்ன பண்ணலாம்?’ என்று கேட்டால் டீ குடித்து முடிப்பதற்குள் அவர் சொல்லிவிடுகிற பதில் கண்டுபிடிப்பு ஆகாது.

இதற்கு நம் நாட்டில் எல்லோரும் காட்டுகிற வழக்கு பாத்திரத் தொழிலிலிருந்தே வந்தது என்பதில் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், உச்ச நீதிமன்றம், 1978. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரம் கடையும்போது லேத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வாங்கிய காப்புரிமை அது. பழைய முறையைக் கொஞ்சம் வசதியாக்கியது உண்மை, ஆனால் அது வெறும் பட்டறைத் திருத்தம்தான் என்று சொல்லி நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. தெரிந்த பொருள்களைச் சேர்ப்பது தவறில்லை, ஆனால் சேர்த்ததில் கண்டுபிடிப்பு மூளை வேலை செய்திருக்கவேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மட்டும் போதாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். விண்ணப்பத்தைச் சோதிக்கிற காப்புரிமை அலுவலகப் பரிசோதகர்கள் இதை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் மேண்டி ஹேபர்மேன் என்ற பெண்மணி. அவர் மகள் உறிஞ்சிக் குடிக்க முடியாத பிறவிக் குறையோடு பிறந்தாள். அந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்று முதலில் ஒரு புட்டியைக் கண்டுபிடித்தார். பிறகு, தவழ்கிற குழந்தை கையிலிருந்து கவிழ்ந்தாலும் சிந்தாத ‘எனிவேஅப்’ கோப்பை. அதில் இருப்பது என்ன? மூக்கில் கீறல் போட்ட ஒரு வால்வு, உறிஞ்சினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஜேக்கல் என்ற கம்பெனியும் அந்த மாதிரி ஒரு கோப்பையை விற்க ஆரம்பித்தது, வழக்கு நடந்தது. கீறல் வால்வு ஏற்கெனவே தெரிந்ததுதான், இதில் என்ன புதுசு என்றது எதிர்த்தரப்பு. நீதிபதி லாடி 1999-இல் காப்புரிமை செல்லும் என்றார். எடுத்துவைத்த அடி சின்னதுதான், எளிமையானதுதான் என்று ஒப்புக்கொண்டே சொன்னார்.

அந்தத் தீர்ப்பில் அவர் வரிசையாகச் சில கேள்விகளை வைத்தார். எளிய பொருளோடு போகிற யாருக்கும் அதைவிட நல்ல கருவி இல்லை, அதனால் என் வார்த்தையில் தருகிறேன். நீங்கள் தீர்த்தது என்ன பிரச்சினை? அது எவ்வளவு காலமாக இருக்கிறது? அது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியுமா, தீர்வு தேடினார்களா? அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் எந்தெந்தப் பழைய பொருள் இருந்தது? அதே காலத்தில் அவர்கள் வேறு என்னென்ன செய்து பார்த்தார்கள்? உங்கள் வழியில் அவர்கள் போகாததற்கு வேறு காரணம், விலை, சட்டம், மூலப்பொருள் இல்லாமை, ஏதாவது இருந்ததா? வந்த பிறகு சந்தையில் எப்படி வரவேற்பு? அந்த வரவேற்பு பொருளின் குணத்தால் வந்ததா, விளம்பரத்தால் வந்ததா?

சிந்தாத கோப்பை வேண்டும் என்று பெரிய கம்பெனிகளெல்லாம் வருடக்கணக்காக ஆசைப்பட்டன, வால்வு வாசற்படியிலேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. இந்த ஒரு விஷயம்தான் ஹேபர்மேனைக் காப்பாற்றியது. உங்கள் பொருளுக்கு இந்த எட்டுக் கேள்விக்கும் ஒரு நோட்டில் பதில் எழுதுங்கள். நாலுக்கு மேல் பதில் வரவில்லை என்றால் காசைச் செலவழிக்காதீர்கள், கீழே சொல்லப்போகிற வடிவமைப்புப் பதிவு உங்களுக்குப் போதும்.

மூன்றாம் பிரிவின் இரண்டு பள்ளங்கள்

பிரிவு 3(எஃப்): தெரிந்த சாதனங்களைச் சும்மா அடுக்கி வைப்பது, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியாகப் பழைய மாதிரியே செய்தால் கண்டுபிடிப்பு ஆகாது. பாலாடையின் கைப்பிடியில் சூடு காட்டும் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கர் சூட்டைக் காட்டுகிறது, பாலாடை பாலைக் கொடுக்கிறது, ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இல்லை. விழுந்தது. குழந்தையின் கழுத்தில் கட்டும் பிப்பில் தட்டு, தட்டில் கரண்டி செருக ஒரு பை, அதுவும் அப்படித்தான்.

பிரிவு 3(பி), ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வுக்கு அடுத்தது, பாரம்பரிய அறிவைப் பற்றியது. வழிவழியாக வந்த ஒன்றையோ அதன் தெரிந்த குணங்களைச் சேர்த்து வைத்ததையோ யாரும் தன்னுடையது என்று கேட்க முடியாது. பாலாடை, சங்கு, கெண்டி மூக்கு எல்லாம் இந்த வேலிக்குள்தான் இருக்கின்றன. இந்த வேலி நல்லது. நமக்கு எதிராக வரும்போது மட்டும் வலிக்கும்.

இந்த இரண்டு பள்ளத்திலும் விழாமல் எழுதுவது உரிமைகோரல் வாசகத்தில் இருக்கிறது. என் முதல் விண்ணப்பத்தில் இருந்தது: ‘உட்புறத்தில் குறுக்கு வரப்பு உள்ள குழந்தைப் பாலாடை.’ இதில் பொருள் இருக்கிறது, வேலை இல்லை. மறுப்புக்குப் பிறகு போட்ட இரண்டாவது விண்ணப்பத்தில் எழுதியதைப் பாருங்கள்: ‘பின்னறைக்கும் மூக்குக்கும் இடையே குறுக்கு வரப்பு, வரப்பின் அடியில் ஒரு துளை, வரப்புக்கும் மூக்குக்கும் நடுவே பின்னோக்கிச் சரிந்த தரையுள்ள முன்னறை, பாலாடையைச் சாய்க்கும்போது துளை வழியாக மட்டும் பால் முன்னறைக்கு வரும்படியும், நிமிர்த்தும்போது குடிக்காத பால் அதே துளை வழியாகத் திரும்பும்படியும் இவை ஒன்றோடொன்று இயைந்தவை.’ வரப்பை எடுத்துவிட்டால் துளைக்கு வேலை இல்லை, சரிவை எடுத்துவிட்டால் பால் திரும்பாது, துளை பெரிதானால் வரப்பு வீண். ஒன்றை ஒன்று சார்ந்து நிற்கிறது என்று காட்டுவதுதான் 3(எஃப்)-க்குப் பதில். என் பழைய வீடியோவும் ஆயா வீட்டுப் பித்தளையும் இப்போது இந்த இரண்டாவதுக்கு எதிரான பழைய சான்றுகள் என்பதையும் மறக்கவில்லை, விவரக்குறிப்பிலேயே அவற்றை நானே சொல்லி, அவற்றிலிருந்து எங்கே விலகுகிறேன் என்று எழுதினேன். மறைத்து வைத்தால் எதிராளி எடுத்துவருவார்.

சோதனை இல்லாமல் இதெல்லாம் வெறும் பேச்சு. சோதனைக்குக் குழந்தை வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். குறைமாதக் குழந்தைக்குப் புரையேறினால் விளைவு என்ன என்று பார்த்தவன் சொல்கிறேன். குழந்தைகளிடம் சோதிக்கவேண்டுமானால் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதியோடு டாக்டர்கள் செய்யவேண்டிய வேலை அது. நமக்குத் தண்ணீர் போதும். ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள், பள்ளிக்கூடப் பெட்டியிலிருக்கும் கோணமானியைப் பலகையில் ஒட்டிச் சாய்வை அளங்கள், நகைக்கடை மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசின் மேல் கிண்ணம் வைத்து எவ்வளவு விழுந்தது என்று எடை பாருங்கள். பழைய பாலாடையில் பத்துத் தடவை, புதியதில் பத்துத் தடவை, தேதி போட்டு நோட்டில். அதோடு கழுவிப் பாருங்கள். மூலையில் பால் தங்குமானால், கொதிக்க வைத்தாலும் வெளியே வராத இடுக்கு இருக்குமானால், காப்புரிமை கிடைத்தாலும் அந்தப் பொருளைச் செய்யக்கூடாது. என் துளைக்காக ஒரு தனி பிரஷ் தேட வேண்டி வந்தது.

விண்ணப்பமும் செலவும்

இது பயப்படுகிற அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது, ஆனால் காட்பாடியில் ரயில் ஏற வேண்டியதில்லை, எல்லாம் இணையத்தில். டிஜிட்டல் கையெழுத்துச் சாவி ஒன்று வாங்கவேண்டும். நேரில் காகிதமாகக் கொடுத்தால் 1,600-க்குப் பதில் 1,750 ரூபாய். படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரக்குறிப்பு, 3, 5 உறுதிமொழிகள். 30 பக்கமும் 10 உரிமைகோரலும் வரைக்கும் கூடுதல் கட்டணம் இல்லை, நம் பொருளுக்கு அது தாராளம்.

18 மாதத்தில் விண்ணப்பம் வெளியாகும், சீக்கிரம் வேண்டுமென்றால் படிவம் 9, 2,500 ரூபாய். பரிசோதிக்கச் சொல்லி நாமேதான் கேட்கவேண்டும், படிவம் 18, 4,000 ரூபாய். இதைக் கேட்காமல் விட்டு விண்ணப்பம் செத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். 2024 மார்ச் திருத்தத்துக்குப் பிறகு போடுகிற விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 31 மாதம், முன்பு 48. விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம், படிவம் 18ஏ, 8,000 ரூபாய். குழந்தைப் பொருளை யோசித்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், பெயரைப் போடும்போது மட்டும் கணவர் பெயர் வருகிறது. யோசித்தவர் பெயரைப் போடுங்கள், சட்டமும் அதைத்தான் கேட்கிறது. தொழில் பெயரில் போடுவதானால் உத்யம் பதிவு இருந்தால் சிறுதொழிலுக்கான சலுகைக் கட்டணம். மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் ஒருதடவை விசாரித்துவிடுங்கள்.

வெளிநாட்டில் முதலில் போட நினைக்கிறவர்கள், இந்தியாவில் குடியிருப்பவர் என்றால் 39-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்கவேண்டும், அல்லது இங்கே போட்டு ஆறு வாரம் பொறுக்கவேண்டும்.

அறிக்கை வந்தால் கலங்காதீர்கள்

முதல் பரிசோதனை அறிக்கை கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆட்சேபங்களோடுதான் வரும். எனக்கு வந்ததைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, பிறகுதான் தெரிந்தது அது பேச்சுவார்த்தையின் ஆரம்பம் என்று. பதிலுக்கு ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று மாதம் வரை. அவர்கள் காட்டுகிற பழைய ஆவணங்களைப் படம் படமாக உங்கள் பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘அதில் வால்வு இருக்கிறது, ஆனால் உறிஞ்சுகிற குழந்தைக்கு, என்னுடையதோ உறிஞ்ச முடியாத குழந்தைக்கு, சாய்வில் வேலை செய்வது’ என்று வேலையை வைத்துப் பேசுங்கள். விண்ணப்பத்தில் இல்லாத புதுப் பாகத்தை இப்போது சேர்க்க முடியாது, கோரலைச் சுருக்கலாம். சோதனை நோட்டை உறுதிமொழிப் பத்திரத்தோடு ஆதாரமாகக் கொடுக்கலாம். விசாரணை வீடியோவில்தான் நடக்கும். கையில் பொருளையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள், நூறு வரி சொல்லாததை ஒரு சாய்ப்பு சொல்லிவிடும். மறுத்தால் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

வேறு யாராவது நம் பாலாடையைத் தன்னுடையது என்றால்

இதையும் தெரிந்து வைத்திருப்பது கடமை என்று நினைக்கிறேன். விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை கொடுக்கும் வரை, 25(1) பிரிவின்படி யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம், படிவம் 7ஏ. முன்பு இலவசம், 2024 முதல் கட்டணம் உண்டு. வெளியாகி ஆறு மாதம் ஆகாமல் காப்புரிமை தரமாட்டார்கள், அந்த ஆறு மாதம் உங்களுக்கு உறுதி. கொடுத்த பிறகு என்றால் ஒரு வருடத்துக்குள், படிவம் 7, ஆனால் அப்போது நீங்கள் அந்தத் தொழிலில் சம்பந்தப்பட்டவராக இருக்கவேண்டும்.

ஆட்சேபக் காரணங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்தியாவிலோ வேறெங்கோ உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாகவோ வேறுவிதமாகவோ இருக்கும் அறிவில் ஏற்கெனவே உள்ளது என்று காட்டினாலும் போதும். வாய்மொழி என்று சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியென்றால் ஆயா சொல்வதும் சாட்சிதான். ஆனால் வாயால் சொன்னது காகிதமாகவேண்டும். ஆயாவை ஆட்டோவில் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் கூட்டிப்போய் நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறேன்: எந்த ஊர், யார் வீட்டுப் பாலாடை, ஏறக்குறைய எந்த வருடத்திலிருந்து பார்த்திருக்கிறார், மேடு எங்கே இருந்தது, எதற்கு என்று அவர் அம்மா என்ன சொன்னார். பித்தளைப் பாலாடையை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். பழைய கடை பில், குழந்தைக்கு ஊட்டுவது தெரிகிற பழைய குடும்பப் படம், தேதி உள்ள எதுவும் சேர்த்து வையுங்கள். தேதி இல்லாத படத்துக்கு மதிப்பு குறைவு.

காப்புரிமை மீறல் என்று வக்கீல் நோட்டீஸ் உங்களுக்கு வந்தால், பணம் கட்டுவதற்கு முன் அதில் எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணை இன்பாஸில் போட்டால் அது கொடுக்கப்பட்டதா, வெறும் விண்ணப்பமா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று தெரியும். வெறும் விண்ணப்பத்தைக் காட்டி யாரும் வழக்குப் போட முடியாது. ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக 106-ஆம் பிரிவு உங்களுக்கே வழக்குப் போடும் உரிமை தருகிறது. வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தாலும், காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் எதிர்வழக்கு வைத்தால் அது உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும்.

விற்பது வேறு கதை

காப்புரிமை விற்பதற்கான அனுமதி இல்லை, மற்றவரைத் தடுக்கும் உரிமை மட்டும். பால் புட்டிக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2003-இல் இறுக்கினார்கள். தாய்ப்பாலைக் காக்க வந்த சட்டம். புட்டியை விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது. புட்டி என்ற சொல்லுக்குள் நிப்பிளும் வால்வும் மட்டுமில்லாமல், தாய்ப்பாலுக்கு மாற்றான பாலை ஊட்டப் பயன்படுத்தும் எந்தப் பாத்திரமும் வருகிற மாதிரி விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அதனால் இன்ஸ்டாகிராமில் படம் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பிளாஸ்டிக் புட்டி என்றால் ஐ.எஸ். 14625 தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். கிடைக்காத காப்புரிமையைக் கிடைத்ததாக டப்பாவில் அச்சடித்தால் அபராதம்.

உங்கள் பொருளில் புதியது அதன் உருவம் மட்டும்தான் என்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யுங்கள். தனி ஆளுக்கு 1,000 ரூபாய், 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். கண்ணுக்குத் தெரிவதைக் காக்கும், வேலையைக் காக்காது. இதற்கும் முன்கூட்டியே காட்டிவிட்டால் போச்சு.

என் இரண்டாவது விண்ணப்பத்துக்கு இப்போது அறிக்கை வந்திருக்கிறது, 3(எஃப்)-ஐத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டது. தினமும் பட்டறை மூடிய பிறகு தங்கை வந்து கோணமானிப் பலகையைப் பிடித்துக்கொள்கிறாள், நான் சிரிஞ்சால் தண்ணீர் விடுகிறேன். சரிவை நிரப்பிவிட்டு ஒருமுறை, துளையை மெழுகால் அடைத்து ஒருமுறை, எல்லாம் இருக்கிறபடி ஒருமுறை. நோட்டில் இன்றைக்கு 41-ஆம் பக்கம்.